கலுங்குக் கல் ஒரு சாண் உயர்ந்தால்

எங்கள் பக்கம் நஞ்சை நிலம் கைமாறும்போது பத்திரத்தின் கடைசியில் ஒரு வரி வரும். மாமூல் வண்டிப்பாட்டை பாத்தியமும், மேற்படி கண்மாயில் நீர் பாய்ச்சிக்கொள்ளும் பாத்தியமும் உள்பட என்று. பாத்தியம் என்றால் உரிமை. பத்திர எழுத்தர் யோசித்து எழுதுகிற வரி இல்லை அது. பழைய பத்திரத்தைப் பக்கத்தில் வைத்து அப்படியே இறக்கிவிடுவார். வாங்குகிறவரும் அதைப் படிப்பதில்லை. ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம், பிளாட் போட முடியுமா என்பதுதான் அவருடைய கேள்வி. என் தாத்தா காலத்தில் அந்த வரிக்காக மண்டை உடைந்திருக்கிறது. மாட்டை விற்று வக்கீலுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

எங்கள் ஊர் பரமக்குடிக்கும் முதுகுளத்தூருக்கும் நடுவில் இருக்கிறது. அரசு ஊழியரை மிரட்ட வேண்டுமென்றால் "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்பார்களே, அந்தக் காடு. உண்மையில் ராமநாதபுரம் மாவட்டத்தில் வருடத்துக்கு 800 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. பாலைவனத்து மழை இல்லை இது. சிக்கல் என்னவென்றால் அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அதிலும் நாலைந்து பெருமழையில் பாதி போய்விடும். நிலமோ தட்டை. அணை கட்ட மலை கிடையாது, பள்ளத்தாக்கு கிடையாது. ஆகவே ஓடுகிற தண்ணீருக்குக் குறுக்கே மைல் கணக்கில் கரை போட்டு, ஆழமில்லாமல் அகலமாகத் தேக்கி வைத்தார்கள். அதுதான் கண்மாய். ஒரு கண்மாய் நிறைந்து மிச்சம் கலுங்கு வழியே வழிந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும், அதுவும் நிறைந்தால் அதற்கடுத்த ஊருக்கு. கடைசிக் கண்மாய் கடலுக்குப் பக்கத்தில் இருக்கும்.

இந்த ஏற்பாட்டின் பிரம்மாண்டத்தைப் பார்க்க வேண்டுமானால் ஆர்.எஸ். மங்கலம், அதாவது ராஜசிங்கமங்கலம் கண்மாய்க்குப் போங்கள். கரை மட்டும் சுமார் 20 கிலோமீட்டர், வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடைகள் 48. நாரை பறக்க முடியாத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்று ஊர்ப்பக்கம் சொல்வார்கள். ஒரு மூச்சில் நாரையால்கூடக் கடக்க முடியாதாம். பெயரில் ஒரு ராஜசிம்ம பாண்டியன் இருக்கிறான். கண்மாயில் தண்ணீர் இருப்பது மழையைப் பொறுத்தது.

பெரிய கண்மாய்களை எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது எங்கள் ஊர்க் கண்மாய் மாதிரிச் சின்னதுகளைப் பற்றி. ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், நூறு ஏக்கருக்கு மேல் என்றால் பொதுப்பணித்துறை (இப்போது நீர்வளத்துறை), அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். எங்களுடையது ஒன்றியக் கண்மாய். மூன்று மடை, ஒரு கலுங்கு. எங்களுக்கு நிலம் இரண்டாம் மடையில்.

முதலில் கலுங்கைச் சொல்லிவிடுகிறேன். கண்மாய் நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் வெளியேற, கரையின் ஓரத்தில் கல்லால் கட்டிய தாழ்வான சுவர் அது. அதன் தலையில் இடைவெளி விட்டு ஒரு முழ உயரத்துக்குக் கற்களை வரிசையாக நட்டிருப்பார்கள். பெருமழைக் காலத்தில் அந்த இடைவெளிகள் திறந்தே இருக்கும், கரை உடையாமல் தண்ணீர் போய்விடும். மழை ஓயப்போகிறது என்று தெரிந்ததும் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் வைக்கோல், செடிகொடி, களிமண் எல்லாம் வைத்து மிதித்து அடைப்பார்கள். அடைத்தால் கண்மாய் முழுப் பரப்பிலும் இன்னும் ஒரு முழம் தண்ணீர் நிற்கும். தட்டை நிலத்தில் ஒரு முழம் என்பது சாதாரண விஷயம் இல்லை. நெல்லுக்குக் கடைசி இரண்டு பாய்ச்சல் அதில்தான் இருக்கிறது.

அந்த ஒரு முழம் கீழூர்க்காரனுடையது. நாங்கள் என்றைக்கு அடைக்கிறோமோ அன்றைக்கு அவனுக்கு வரத்து நின்றுவிடும். எங்கள் கண்மாயின் உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்கும் பக்கத்தில், பட்டா வைத்திருக்கும் மேல்பக்கத்து ஊர்க்காரனுக்கோ, அடைத்தால் பயிர் முழுகும். ஆக ஒரே கல் வரிசைக்கு மூன்று ஊர் ஆள் காவல். எப்போது அடைப்பது, எவ்வளவு உயரம் அடைப்பது, எதற்கு அப்புறம் அடைப்பது என்பதெல்லாம் மாமூல், அதாவது பழைய வழக்கம். ராமநாதபுரம், சிவகங்கை ஜமீன் காலத்தில் இதையெல்லாம் எழுதியே வைத்தார்கள். மாமூல்நாமா என்று பெயர். எந்தக் கால்வாயில் எந்த ஊருக்கு எத்தனை பங்கு, எந்த மடை முதலில் திறக்க வேண்டும் என்ற விவரம் அதில் இருக்கும். ஜமீனுக்கு விளைச்சலில் பங்கு உண்டு என்பதால் கண்மாய் நிறைவதில் அவர்களுக்கும் ஒரு கண் இருந்தது. மராமத்துக்குப் பணம் போட்டார்களா என்பது வேறு கதை.

எங்கள் ஊர்க் கதை இப்படி. ஏதோ ஒரு வறட்சி வருடத்தில் கலுங்குக் கற்களுக்கு மேல் இன்னொரு வரிசைக் கல்லை வைத்து எங்கள் ஆட்கள் சாணளவு உயர்த்திவிட்டார்கள். கீழூரிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாகக் கடப்பாரையோடு வந்து பிரித்துப் போட்டார்கள். மறுநாள் அடிதடி, அப்புறம் கேஸ். கடைசியில் கோர்ட்டிலிருந்து ஆள் வந்து அளந்து, கலுங்கின் பக்கச் சுவரில் உளியால் ஒரு கோடு வெட்டிவிட்டுப் போனார்கள். அந்தக் கோட்டுக்கு மேல் அடைக்கக் கூடாது. நான் சிறுவனாக இருந்தபோது அந்தக் கோட்டில் குங்குமம் இருக்கும். யார் வைத்தார்கள் என்று தெரியாது. கீழூர்க்காரர்களாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது மடை. கண்மாய்க்குள், கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றை இணைத்துக் குறுக்குக் கற்கள். தூணுக்கு அடியில் தொட்டி, தொட்டியில் துளை, துளையை மூட ஒரு கட்டை. திறக்க வேண்டுமானால் ஒரு ஆள் நீந்திப் போய்த் தூணைப் பிடித்து முங்க வேண்டும். இதைச் செய்பவர் நீர்ப்பாய்ச்சி. சில ஊர்களில் நீர்க்கட்டி என்பார்கள், மடையர் என்பதும் உண்டு. எங்கள் ஊர் நீர்ப்பாய்ச்சி கண்மாய்த் தண்ணீர் எத்தனை நாளைக்கு வரும் என்பதைக் கரையில் நின்று பார்த்தே சொல்வார். தூணில் எத்தனையாவது குறுக்குக் கல் வெளியே தெரிகிறது என்பதுதான் அவருடைய கணக்கு.

எங்கள் பக்கம் நெல் விதைப்பு புழுதியில்தான். ஆவணி, புரட்டாசியில் காய்ந்த மண்ணை உழுது விதையைத் தூவிவிட்டு வானத்தைப் பார்க்க வேண்டியது. முன்பெல்லாம் சித்திரைக்கார், நொறுங்கன் மாதிரி வறட்சி தாங்கும் ரகங்கள். மழை விழுந்தால் முளைக்கும், கார்த்திகை வரை மழையிலேயே வளரும். கண்மாய்த் தண்ணீரின் வேலை அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கும், சூல் கட்டும்போதும் பால் பிடிக்கும்போதும். அந்த நேரத்தில் தண்ணீர் கிடைக்காத வயல் வைக்கோலாகத்தான் போகும். அதனால் மார்கழியிலும் தையிலும் முறை வைப்பார்கள். ஏக்கருக்கு இத்தனை நாழிகை என்று கணக்கு. அந்த முறையை ஓட்டுவதும் நீர்ப்பாய்ச்சிதான். யாரும் தன் வயலுக்குத் தானே வாய்க்காலை வெட்டிவிட முடியாது. மண்வெட்டியோடு வயலில் நின்றாலே திருட்டு என்று பொருள். தண்ணீர் திறப்பவனுக்கு அந்த மடையில் சொந்த நிலம் இருக்கக் கூடாது என்பது பல ஊர்களில் எழுதாத விதி. யோசித்துப் பார்த்தால் எத்தனை கறாரான ஏற்பாடு!

என் அத்தைக்கு வாலிபத்திலேயே கணவர் இறந்துவிட்டார். அவருக்கு முக்கால் ஏக்கர், முறை வருவது ராத்திரியில். ஒற்றைப் பெண் ராத்திரியில் வரப்பில் நிற்க முடியாது என்று, யாரையும் கேட்காமலேயே அவருடைய முறையைப் பகலுக்கு மாற்றிவிடுவார் நீர்ப்பாய்ச்சி. மாற்றியதற்கு ஈடாகப் பக்கத்து வயல்காரருக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுத்துச் சரிக்கட்டுவார். அத்தை இன்றைக்கும் இதைச் சொல்லும்போது "அந்த மனுசன் இல்லாட்டி நான் எப்பவோ நிலத்த வித்திருப்பேன்" என்பார்.

ஊர்க்காரர்களே கண்மாயைப் பராமரித்த குடிமராமத்தைப் பற்றிப் பெருமையாக எழுதுகிறவர்கள் வழக்கமாக விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு. எங்கள் நீர்ப்பாய்ச்சி காலனிக்காரர். வயலில் அவர் வைத்ததுதான் சட்டம். ஊர்க்கூட்டம் கோயில் திண்ணையில் கூடும்போது அவர் கீழே, வெயிலில் நிற்பார். தண்ணீர் எத்தனை நாள் வரும் என்று அவரைத்தான் கேட்பார்கள், அவர் நின்றபடியே பதில் சொல்வார். என் அப்பா வயது மனிதர், பள்ளிக்கூடப் பையனான என்னைச் 'சின்னய்யா' என்பார். எங்கள் வீட்டில் எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். கூலி களத்தில், அறுத்த கதிரில் கட்டு. விளையாத வருடத்தில் அதுவும் கிடையாது. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை வெட்டக் குடும்பத்துக்கு ஒரு ஆள் வர வேண்டும் என்ற விதியும் அப்படித்தான். நிலம் அதிகம் உள்ளவர்கள் பண்ணையாளை அனுப்புவார்கள், மண் சுமந்தது யார் என்று சொல்லத் தேவையில்லை. 1858-ல் வெள்ளைக்காரன் இதற்குச் சட்டம் போட்டபோது பூசி மெழுகவில்லை, கட்டாய உழைப்புச் சட்டம் என்றே பெயர் வைத்தான்.

நீர்ப்பாய்ச்சியின் மகன் திருப்பூருக்குப் போனார். இப்போது அங்கேயே வீடு கட்டிவிட்டார் என்று கேள்வி. மிகச் சரியான முடிவு. நான் மதுரையில் உட்கார்ந்துகொண்டு, அவர் மட்டும் தை மாதக் குளிரில் முங்கி மடை திறக்க வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனால் அவர் போன பிறகு அந்த வேலைக்கு யாரும் வரவில்லை. சம்பளம் கொடுத்து ஆள் வைக்கலாம் என்று ஊர் ஒருமுறைகூடத் தீர்மானிக்கவில்லை. இத்தனை தலைமுறையாக அது இலவசமாகக் கிடைத்த வேலை என்ற நினைப்பிலிருந்து எங்கள் ஆட்கள் இன்னும் வெளியே வரவில்லை.

மழை பொய்த்தால் வைகைதான் கதி. வருசநாட்டு மலையில் பிறந்து 258 கிலோமீட்டர் ஓடி ராமநாதபுரம் பெரிய கண்மாயில் முடிகிற ஆறு, கடலைத் தொடுவது அபூர்வம். அதிலிருந்து இரண்டு பக்கமும் கால்வாய் வெட்டி, வழியெல்லாம் கண்மாய்களை நிரப்பித்தான் இந்த நாடு பிழைத்தது. இதில் ஒரு கசப்பான சமாச்சாரம் இருக்கிறது. மேற்கே கேரளத்துப் பக்கம் ஓடும் பெரியாற்றை மலைக்கு இந்தப் பக்கம் திருப்பி வைகையில் விட முடியுமா என்று முதலில் ஆள் அனுப்பிப் பார்த்தது ராமநாதபுரம்தான். ராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் பிரதானி, அதாவது அமைச்சர், முத்திருளப்ப பிள்ளை, வருடம் 1789. முடியும் என்று தெரிந்தது, கஜானாவில் பணம் இல்லை. நூறு வருடத்துக்கு மேல் கழித்து, 1895-ல், பென்னிகுயிக் அதைக் கட்டி முடித்தார். அந்தத் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கையும், வைகையில் இருக்கும் பேரணைக்கு அப்பால் மதுரையையும் மேலூரையும் செழிக்க வைத்தது. யோசனை சொன்ன ஊருக்கு மிச்சம் இருந்தால் உண்டு. மதுரையில் இருக்கும் என் சக ஊழியர் ஒருவருக்கு மேலூர்ப் பக்கம் இருபோக நிலம். பெரியாறு அணையில் 142 அடி வந்தால் அலுவலகத்துக்கு இனிப்பு வாங்கி வருவார். சாப்பிடுவேன். சாப்பிடும்போது பிரதானியை நினைத்துக்கொள்வேன்.

1959-ல் ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் வைகை அணை வந்தது, முழு நீர்மட்டம் 71 அடி. அப்புறம் ஆற்றின் வழியில் விரகனூரில் ஒரு மதகணை, பார்த்திபனூரில் ஒரு மதகணை. பேரணையிலிருந்து விரகனூர் வரை ஒரு பகுதி, விரகனூரிலிருந்து பார்த்திபனூர் வரை இன்னொன்று, பார்த்திபனூரிலிருந்து பெரிய கண்மாய் வரை மூன்றாவது. பூர்வீகப் பாசனம் என்று காகிதத்தில் எங்களுக்கு முன்னுரிமை இருக்கிறது, பங்கும் பெரிது. அணை திறக்கும் நாளில் பேப்பரில் இத்தனை கன அடி என்று வரும். அதில் எவ்வளவு பார்த்திபனூரைத் தாண்டுகிறது, பரளைக் கால்வாயில் எவ்வளவு, களரிக் கால்வாயில் எவ்வளவு, அதில் எந்தக் கண்மாய்க்கு எத்தனை நாள் என்ற கணக்கை ஊரில் யாரும் பார்த்தது கிடையாது. திறந்த தண்ணீரில் முதல் நாட்கள் ஆற்று மணல் குடிக்க, மீதிதான் நடக்கும். அந்த மணலும் இப்போது இல்லை. பல வருடம் அள்ளியதில் ஆற்றின் படுகை இறங்கிவிட்டது. கால்வாய்த் தலைமடை மட்டும் பழைய உயரத்திலேயே நிற்கிறது. ஆற்றில் முழங்காலுக்குத் தண்ணீர் ஓடும், கால்வாய் வாயில் ஒரு சொட்டு ஏறாது. மண் மூட்டைகளை அடுக்கி ஏற்றினால் உண்டு, அதற்குள் அணையை மூடிவிடுவார்கள்.

சரி, தண்ணீர் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மழையும் பெய்து கண்மாய் பெருகுகிறது. அப்போதும் மடையில் வராது. இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கஷ்டம். சில வருடத்துக்கு முன் எங்கள் கண்மாய் உள்வாயில் சவடு மண் எடுத்தார்கள். அனுமதி என்று ஒரு தாள் காட்டினார்கள், அதில் எழுதிய ஆழத்துக்கும் தோண்டிய ஆழத்துக்கும் சம்பந்தமில்லை. லாரி போன பிறகு பார்த்தால் கண்மாய்க்கு நடுவில் ஆளாழத்துக்கு மேல் பள்ளங்கள். அந்தப் பள்ளத்தின் அடி மடைத் துளையைவிடத் தாழ்வு. தண்ணீர் முதலில் பள்ளத்துக்குப் போகும், அங்கேயே நிற்கும். கரையிலிருந்து பார்த்தால் கண்மாயில் தண்ணீர் கிடக்கிறது, பறவை நீந்துகிறது, அதிகாரி போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார். மடைக்கு வெளியே வாய்க்காலில் எறும்பு ஊர்கிறது.

பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் யாருக்கு? டீசல் இன்ஜின் வைத்திருப்பவருக்கு. எங்கள் ஊரில் ஒருவர் அப்படி ஆரம்பித்தார். நீளமான ஹோஸைக் கரைக்கு மேல் போட்டுத் தன் வயலுக்கு இறைத்தார். அப்புறம் மணிக்கு இவ்வளவு என்று மற்றவர்களுக்கும் வாடகைக்கு இறைத்தார். அவர் திருடவில்லை, இன்ஜின் அவருடையது, டீசல் அவருடையது, பயிரைக் காப்பாற்றியும் கொடுத்தார். ஆனால் பத்திரத்தில் வரிவரியாக எழுதி, உளியால் கோடு வெட்டி, முங்கி முங்கிக் காத்த பாத்தியம் எப்படிப் போனது என்று பாருங்கள். கண்மாய்த் தண்ணீரில் ஏக்கருக்குப் பங்கு என்பது போய், காசுக்குப் பங்கு என்று வந்துவிட்டது. யாரும் அறிவிக்கவில்லை. மூன்றாம் மடைக்கு ஹோஸ் எட்டாது. அங்கே நிலம் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் காலனிக்காரர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

வைகைக் கரையோரத்தில் நல்ல தண்ணீர் கிடைக்கும் ஊர்களில் போர்வெல்தான் இதே வேலையைச் செய்தது. நிலத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீர் நிலத்துக்காரனுடையது என்பது நம் சட்டத்தின் போக்கு, 1882-ம் வருடத்து ஈஸ்மென்ட் சட்டத்திலிருந்தே. கரண்டும் இலவசம். சொந்தமாகப் போர் போட்டவர் கண்மாய்க் கூட்டத்துக்கு ஏன் வரப்போகிறார்? அவருடைய போரில் ஊறுவது கண்மாய்த் தண்ணீர்தான் என்பது தெரிந்தாலும் வரமாட்டார். எங்கள் ஊரில் போர் போட்டவர்களுக்கு உப்புத் தண்ணீர்தான் வந்தது. அந்த வகையில் தப்பித்தோம் என்று சொல்லலாமா தெரியவில்லை. குடிக்கக் காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது, வராத நாளில் வண்டியில் வரும், குடம் இவ்வளவு என்று விலை.

இவ்வளவும் நடந்தபோது ஊரில் ஒரு சண்டைகூட வரவில்லை. என்னை உறுத்துவது இதுதான். கலுங்கில் சாணளவு கல் வைத்ததற்குக் கடப்பாரை தூக்கிய ஊர், கண்மாயையே லாரியில் ஏற்றியபோது வேடிக்கை பார்த்தது. பெரியப்பாவிடம் கேட்டேன். "எதுக்குச் சண்ட போடணும்? எவன் விவசாயத்த நம்பி இருக்கான்?" என்றார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. பிள்ளைகள் திருப்பூரில், சென்னையில், துபாயில். ஊரில் இருப்பவர்களுக்கு நூறு நாள் வேலை, சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடுகிற வேலை, கொஞ்சம் ஆடு. புன்செய் வைத்திருப்பவர்கள் முண்டு மிளகாய் போடுகிறார்கள். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, மிளகாய்க்கு நெல் மாதிரித் தண்ணீர் வேண்டாம். நஞ்சையில் இன்னும் புழுதி விதைப்பு நடக்கிறது. விதைத்ததும் எல்லோரும் செய்யும் முதல் வேலை கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல், அதாவது சாகுபடிக் கணக்கின் நகல், வாங்கிப் பயிர்க் காப்பீடு கட்டுவது. விளைந்தால் நெல், விளையாவிட்டால் காப்பீடு. ஊர் மொத்தமும் காய்ந்தால்தான் காப்பீட்டுத் தொகை ஒழுங்காக வரும் என்பதால், அரைகுறையாக விளைவதுதான் மிக மோசமான முடிவு. மடையைத் திறந்து நாலு வயலைக் காப்பாற்றுகிறவன் மற்றவர்களுக்கு நட்டம் வைக்கிறான் என்று டீக்கடையில் ஒருவர் சிரிக்காமல் சொன்னார். காப்பீட்டைக் குறை சொல்லவில்லை, அது இல்லாவிட்டால் கடன்காரன் வீட்டு வாசலில் நிற்பான். ஆனால் கண்மாய்க்காகச் சண்டை போடும் காரணம் ஒன்று அதோடு போய்விட்டது.

2017-ல் அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே திட்டம் கொண்டுவந்தது. முதல் கட்டத்தில் 100 கோடி ரூபாய், 1,519 பணிகள். ஆயக்கட்டுதாரர்களே சங்கம் வைத்துச் செய்ய வேண்டும் என்பது நல்ல எண்ணம்தான். நான் பார்த்த சில ஊர்களில் நன்றாகவே நடந்தது, வரத்துக்கால் திறந்து தண்ணீர் வந்தது. எங்கள் பக்கம் ஒரு கண்மாயில் சங்கத்துக்குத் தலைவரானவரும் ஜேசிபி வைத்திருந்தவரும் ஒரே ஆள். கரையைப் பளபளவென்று உயர்த்திக் கட்டிவிட்டார்கள், பார்க்க அழகாக இருந்தது. வரத்துக்காலைத் தொடவே இல்லை. தண்ணீர் வராத கண்மாய்க்குக் கரை எவ்வளவு உயரம் இருந்தால் என்ன?

கண்மாயில் முதலில் பார்க்க வேண்டியது வரத்துக்கால், இரண்டாவது கலுங்கு, மூன்றாவது மடை, கரை கடைசி. இதை எனக்குச் சொன்னவர் அந்த நீர்ப்பாய்ச்சி. நம் டெண்டர்களில் வரிசை தலைகீழ். காரணம் எளிது. கரையில் மண் வேலையின் கன அளவு அதிகம், பில் பெரிதாக வரும். வரத்துக்கால் நாலு ஊர் எல்லைக்குள் ஓடும், ஆக்கிரமிப்பு இருக்கும், பகை வரும். 2007-ல் ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற ஒரு சட்டம் போட்டார்கள். அது தாசில்தார் மேஜைக்குப் போவதற்குள் ஆக்கிரமித்தவர் அங்கே தென்னை வைத்துக் காய் பறித்துவிடுவார்.

கலுங்குக்கு வந்த கதியையும் சொல்ல வேண்டும். பழைய கல் கட்டு பெயர்கிறது என்று கான்கிரீட் போட்டுப் பூசினார்கள். பக்கச் சுவரும் சேர்ந்து பூசப்பட்டதில் அந்த உளிக்கோடு உள்ளே போய்விட்டது. புதுக் கலுங்கு பழைய மட்டத்தில்தான் இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். கீழூரில் எனக்குத் தெரிந்த ஒருவரிடம், "உங்களுக்கு வரத்து குறைஞ்சிருக்கா அண்ணே?" என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "எங்க கண்மாய்ல மடையே இல்லப்பா, குறைஞ்சா என்ன கூடுனா என்ன" என்றார்.

ஆனாலும் அந்த மட்டத்தை அளந்து, புது உளிக்கோடு ஒன்று வெட்டி வைக்க வேண்டும் என்று மனு கொடுத்திருக்கிறேன். ஒரு லெவல் கருவியும் அரை நாளும் போதும். பார்த்திபனூரிலிருந்து எந்தக் கால்வாயில் எந்தெந்த நாள் எவ்வளவு தண்ணீர் விட்டார்கள் என்று ஒன்றிய அலுவலக வாசலில் எழுதி ஒட்டுங்கள் என்பது இன்னொரு கோரிக்கை. அளவு தெரியாத பங்கை வைத்துக்கொண்டு யாரும் வாதாட முடியாது. மறுபடி சண்டை வந்தால் வரட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. இலங்கையின் உலர்வலயக் குளங்களில் ஒரு பழைய வழக்கம் உண்டு. தண்ணீர் குறைந்த வருடத்தில் குளத்துக்குப் பக்கத்து வயல்களை மட்டும் விதைத்து, அவற்றையே எல்லாப் பங்காளிகளுக்கும் அந்த ஒரு போகத்துக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். கடைமடைக்காரனும் பட்டினி கிடக்க மாட்டான். பெத்ம என்று பெயர். எங்கள் ஊரில் இதைச் சொன்னபோது முதல் மடைக்காரர்கள் பதில் சொல்லவில்லை, டீ சொன்னார்கள்.

போன மழைக்கு முன் கூட்டம் போட்டோம். கோயில் திண்ணை வேண்டாம், பள்ளிக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரலாம் என்று சொல்லி வைத்திருந்தேன், அது நடந்தது. காலனியிலிருந்து வந்தவர்களும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். இரண்டு பெரியவர்கள் அதைப் பார்த்துவிட்டு வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார்கள். மாதச் சம்பளத்துக்கு ஒரு நீர்ப்பாய்ச்சி வைப்பது, வரத்துக்காலைத் தூர்வாருவது, இரண்டுக்கும் ஏக்கருக்கு இவ்வளவு என்று வரி போடுவது என்று பேச்சு. பயிர் வைக்காத ஆளும் கட்ட வேண்டுமா என்பதில் சிக்கியது. கட்ட வேண்டும் என்றேன். பாத்தியம் வேண்டும் என்றால் வெளியூரில் இருந்தாலும் கட்டத்தான் வேண்டும். "விளையாத நிலத்துக்கு வரியா? ஜமீனே பரவால்ல போலயே" என்று சித்தப்பா கத்தினார். இன்ஜின்காரரைக் கண்மாய்த் தண்ணீர் இறைக்கும் ஒவ்வொரு மணிக்கும் பொதுவில் ஒரு தொகை போடச் சொன்னோம். வெளியூர்க்காரர்கள் முதலில் கட்டட்டும், நான் மறுநாளே கட்டுகிறேன் என்றார். அதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

என் பங்கை அன்றைக்கே கட்டிவிட்டேன், சென்னையிலிருந்து மூன்று பேர் அனுப்பினார்கள். வரத்துக்காலில் மேல்பகுதி கொஞ்சம் வெட்ட அது போதுமானதாக இருந்தது. நீர்ப்பாய்ச்சிச் சம்பளத்துக்குக் காணாது. தை பிறந்ததும் மறுபடி கூடுவதாகப் பேசியிருக்கிறோம். சித்தப்பா வருவதாகச் சொல்லியிருக்கிறார், கட்டுவதாக இன்னும் சொல்லவில்லை.